கோட்டு மாட்ட ஓர் ஆணி

அவர் பொன்னேரி கோர்ட்டு வக்கீல். ஒல்லி உடம்பு, கறுப்புக் கோட்டோ இரண்டு பேருக்குக் காணும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கோட்டைக் கழற்றி, மாட்ட ஆணி தேடுவார்.

எங்கள் சுவரில் ஆணியே இல்லை. "ஊட்டுக்காரரு அடிக்கக் கூடாதுன்னுட்டாரு சார்," என்றேன்.

சில வருஷம் வாடகை கட்டினால் வீடு எனக்கே என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லியிருந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த பத்திரத்தில் வெறும் வாடகைதான் இருந்தது. கையெழுத்துக்கு முன் காட்டிவிடலாமென்றுதான் வக்கீலை அழைத்துவந்தேன்.

"ஊட்ட எழுதிக் குடுன்னா அவருக்குக் கை நடுங்கும்பா. ஆணின்னா நடுங்காது," என்று வக்கீல் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'தவணை தீர்ந்ததும் மேற்படியாருக்கே கிரயமாகும் இவ்வீட்டில், அவர் ஆணி அடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.'

வீட்டுக்காரர் நிதானமாகப் படித்தார். "ஆணி இன்னா சைசு?"

"கோட்டு தாங்கற சைசு," என்றார் வக்கீல். கையெழுத்து விழுந்தது.

வீடு எங்களுக்குக் கிரயமான பிறகும் வீட்டுக்காரர் வருவார். குடையை அந்த ஆணியில்தான் மாட்டுவார். அந்த வரியை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா?

ஒருநாள் வக்கீலிடமே கேட்டேன்.

"அத்த நான் அவராண்ட இன்னிவரைக்கும் கேக்கலபா," என்று, வீட்டுக்காரர் விட்டுப்போயிருந்த குடையை ஆணியில் ஓரமாக நகர்த்திவிட்டுக் கோட்டை மாட்டினார்.