ஒற்றை மாட்டுக்காரர்

போன வாரம் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது, சேத்தியாத்தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. பக்கத்து வயலில் ஒரு டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. டீசல் நெடியையும் மீறி அந்தப் பழைய சேற்று வாசனை. டயர் மாட்டி முடிப்பதற்குள் டிராக்டர்காரர் இரண்டு வயலை முடித்துவிட்டுப் போயே போய்விட்டார். எனக்குத்தான் பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

அறுபதுகளில் இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் அலைந்தவன் நான். ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கணக்கெடுக்கிற சர்க்கார் வேலை. புது வேலை, புதுப் பேனா, சைக்கிளில் டைனமோ வேறு. அடுத்த பொங்கலுக்குள் தாலுகாவில் ஏழ்மையை ஒழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் சிரிக்கலாம். கழன்ற செயினை மாட்டக்கூடத் தெரியாது எனக்கு.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. குடும்பம் ஏழ்மையில் இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒன்று மட்டும். வறட்சி, வெள்ளம், நோய், உழவுமாட்டுக் குறை, கல்யாணச் செலவு, கடைசியில் சோம்பல். எந்த ஊரில் ஏழ்மை ஒரே ஒரு காரணத்தோடு வருகிறதோ, எழுதினவருக்குத்தான் வெளிச்சம். மாட்டுக் குறை என்று எழுதியவர்களில் ஊருக்கு ஒருவருக்கு இலவசமாக ஒரு மாடு கொடுப்பதாக ஏற்பாடு.

அப்படிப் போன ஒரு ஊரில் கலியபெருமாள் என்று ஒருவர். அவருக்கு வெள்ளாற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர். மாடு ஒன்றுதான். அப்போதெல்லாம் ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஜோடி சேர்த்துக்கொண்டு, முறை வைத்து உழுவார்கள். இவர் சேர்ந்தது மகள் அஞ்சலையைக் கட்டிக்கொடுத்த வீட்டோடு. அங்கேதான் வினை. சம்பந்தி நிலம் முழுக்க முடியாமல் இவர் நிலத்தில் ஏர் இறங்காது. முதலில் எனக்கு என்று பெண் கொடுத்தவர் கேட்கிற வழக்கமில்லை, அவர்களும் விட்டுக்கொடுக்கிற வழக்கமில்லை.

அதனால் ஒவ்வொரு வருஷமும் இவர் நடவு பிந்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால், முன்னால் நட்ட பயிர் தலையை நீட்டித் தப்பித்துக்கொள்ளும். இவருடைய இளம்பயிர் மூழ்கி அழுகும். மூன்று வருஷம் இதே கதை. கையில் மண்வெட்டியோடு, வரப்பில் நின்றபடியேதான் இதையெல்லாம் சொன்னார். உட்கார்ந்து பேச அவருக்கு நேரமில்லை.

மாட்டுக் குறை என்றே எழுதிவிடலாம் என்றேன். ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மாடு வைத்திருப்பவர் என்றால், ஜோடி சேர்ந்தவரும் கையெழுத்துப் போடவேண்டும், இவருக்குப் பருவத்தில் ஏர் கிடைப்பதில்லை என்று. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"பொண்ணு அந்த வூட்டுல சோறு திங்குது சார். அவுங்களாலதான் நா நொடிச்சேன்னு கையெழுத்து கேட்டா, நாளைக்கு அது கதி என்னாவறது?"

வெள்ளம் என்று எழுதுகிறேன் என்றேன். ஊரே விளைந்திருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வெள்ளம் என்று விசாரிக்க வருவார்களே என்று அவரே மறுத்தார். படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"சோம்பேறின்னு போட்டுக்குங்க. இதுக்கு யாரு கையெழுத்தும் வேணாம் பாருங்க."

கட்டத்தைக் காலியாக விட எனக்கு அதிகாரமில்லை என்று நினைத்தேன். துணிச்சலில்லை என்பதுதான் நிஜம். டிக் போட்டேன். மாடு வேறொருவருக்குப் போனது. மறு வருஷமும் பயிர் மூழ்கியது. நிலத்தை விற்றுவிட்டுப் பண்ருட்டிக்கு மூட்டை தூக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

பல வருஷம் கழித்து, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டாள்; அவள் புகுந்த வீட்டிலும் கணக்கெடுத்தவன்தானே நான். அப்பா தவறி ஆறு மாசமாகிறது என்றாள். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டாள்: "எங்கப்பா சும்மா ஒக்காந்து நா பாத்ததே இல்ல சார். அந்த மாட்ட ஏன் அவுருக்குக் குடுக்கல?"

ஊருக்கு ஒன்றுதான் வந்தது அம்மா, என்றேன். தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

இப்போது அந்தப் பக்கம் மாடு ஜோடி சேர்ப்பவர் யாருமில்லை. அந்த ஒன்றரை ஏக்கர் எத்தனையோ கை மாறிவிட்டது. படிவங்களும் எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருக்கும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினோம், ஏன் எழுதினோம் என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.