உடைந்த வாள்களை என்ன செய்வது?

நம் சிங்கப்பூர் கம்ப்யூட்டர் குழுவின் அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டுகிறேன். குழப்பம் தீரவில்லை.

இன்று என் அக்கா கணவர் சேவியர் மச்சான் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, நம் குழு எழுதிவரும் வாள்சண்டை விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடினார். அதில் வாள் உடைந்தால் உடைந்ததுதான், சரிசெய்ய வழியில்லை. அதுதான் நியாயம் என்று உங்களிடம் வாதாடியவன் நான்.

மச்சானின் வாள் உடைந்தது. எறியாமல் பையில் போட்டுக்கொண்டார். அடுத்ததும் உடைந்தது. அதுவும் பைக்குள்.

"எதுக்கு மச்சான் குப்பையைச் சுமக்கிறீங்க? மருந்து வைக்க இடமில்லையே!"

"உடைஞ்சதைக் காட்டாம ஸ்டோர்ல புதுசு எப்படிக் கொடுப்பான்?"

அவருக்கு வேலை ஜூரோங் கப்பல் பட்டறையில். அங்கே உடைந்த ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது ஸ்பேனர்.

விளையாட்டின் கடைக்காரனோ உடைந்த வாளை வாங்கவே மறுத்தான். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கடை லா இது? வாள் உடையட்டும், தப்பில்ல. சண்டை போட்டுத்தானே உடைஞ்சது? அதை ஒருத்தன் கையில வாங்கிப் பார்க்க வேணாமா?"



ஆட்டத்தை ஃபிளாப்பியில் சேமித்துவிட்டுப் போயிருக்கிறார். குகை வாசலில் பூதம் நிற்கிறது. பை நிறைய உடைந்த வாள்கள். அவற்றை எறியட்டுமா என்று கிளம்பும்போது கேட்டதற்கு முறைத்தார்.

கீழே எழுத இடம் விட்டிருக்கிறேன். என் கட்சியில் இன்னும் யார் இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேனா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.