ராணி குளத்தில் இறங்கிய கட்டு

புத்தகம் இரவல் கொடுக்கிறவளுக்குப் புத்தகத்தைக் காப்பாற்றுவது சுலபம். அதைப் படித்தவர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் பெரும்பாடு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் கோயில் மண்டபத்தை ஒட்டி ஓர் அறை, அந்த அறையின் சாவி என் இடுப்பில். வார நாளில் தோட்ட ஆபீஸ், சனி ஞாயிறில் நூலகம். இதுதான் என் பிழைப்பு.

கறிக்கத்தி வைத்தியம்

யாரோ நன்கொடையாக அனுப்பிய நாவல் 'முந்நிலவுக் கோட்டை'. மூன்று நிலா, பேசும் யானை, தீராத போர், நடுநடுவே காது சிவக்க வைக்கும் காதல். தலையணை கனம். எங்கள் மலை ஈரத்தில் நமுத்துப்போய்ப் பூசணம் பிடித்துவிட்டது. காற்றாடிக்கு முன்னால் விரித்து வைத்தும் நடுப்பக்கங்கள் காயவில்லை. பொறுத்துப் பார்த்து, கறிக்கத்தியை எடுத்து முதுகை அறுத்தேன். எட்டுக் கட்டாகப் பிரித்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன்.

அதில் ஒரு வசதி, ஒரே சமயத்தில் எட்டுப் பேர் படிக்கலாம். ஒரு தொல்லை, எந்தக் கட்டு கையில் கிடைக்கிறதோ அதைத்தான் கொண்டுபோவார்கள். வரிசையாகப் படியுங்கள் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. ஆனால் கொழுந்து வெட்டும் பார்வதி, சாப்பாட்டு நேரத்தில் தேயிலைக் காட்டிலேயே உட்கார்ந்து படிப்பவள், என் வைத்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

"முன்ன தூக்க முடியலக்கா. இப்ப கீழ வைக்க முடியல."

லோரிக்காரரின் சந்தேகம்

முருகேசு அண்ணன் கோலா தெர்லாவிலிருந்து லோரியில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிக்கொண்டு கீழே போகிறவர். ஒரு கட்டைத் திருப்பித் தரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது. காதல் காட்சிக்குத்தான் திட்டப்போகிறார் என்று நானும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

"அம்பதாயிரம் சிப்பாய் மலை ஏறுறான், சரிலா. பின்னால சாமான் ஏத்துன வண்டி ஒண்ணுகூட வரலியே, அவனுங்க என்னாத்தச் சாப்பிட்டானுங்க?"

வீட்டுக்காரிக்கு என்று வாங்கியது

ஆறாம் கட்டில்தான் ராணி நள்ளிரவில் தாமரைக் குளத்தில் இறங்குகிறாள்; அங்கே நதிநாட்டு இளவரசன் காத்திருக்கிறான். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தேயிலை ஆலையில் வேலை செய்யும் சுப்பையா அதை 'வீட்டுக்காரிக்கு' என்று சொல்லி வாங்கிப் போனார். திருப்பிக் கொண்டுவந்தது அவர் மனைவி லெட்சுமி. சண்டைதான் என்று நினைத்தேன்.

"வேலைக்குக் கெளம்புறப்ப இப்பல்லாம் என் முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போறாருக்கா. இந்த மாதிரி வேற புத்தகம் இருந்தாக் குடுங்க."

தலைவர் தீர்ப்பு

அடுத்து அந்த ஆறாம் கட்டு, யார் வழியாகவோ, மண்டபத் தலைவர் மணியம் ஐயாவின் கைக்குப் போனது. மனைவி இறந்த பிறகு கோயில் வேலையே கதி என்று இருப்பவர். மற்ற ஏழு கட்டையும் அவர் பார்த்ததே இல்லை. நேராக வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் இந்தப் புத்தகம் ஒழிய வேண்டும், இல்லாவிட்டால் அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, ஆறாம் கட்டை மட்டும் கொளுத்தினால் போதும் என்றார்.

கம்போங் ராஜா டவுன் வரை போனாலும் இப்படி ஓர் அறை கிடையாது. ஆனாலும் புத்தகத்தை அறுத்தது நான், கதையை அறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் கட்டைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு சாவியை நானே தருகிறேன் என்றேன்.

"நான் எதுக்கும்மா படிக்கணும்? எனக்குத்தான் இந்தப் புத்தகம் பிடிக்கலியே!"

ஐந்தாம் கட்டு

அது பார்வதியிடம் இருந்தது. மழையில் தேயிலைக் காட்டுக்கு ஏறிப்போய், இன்னும் நாலு பக்கம்தான்கா என்று கெஞ்சியவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, தலைவர் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதில் அரசன் போரில் செத்துப்போகிறான். ராணி பல வருஷம் தலை சீவுவதில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே அவனுக்கும் ஓர் இலை போடச் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்கக்கூடாது, பிடுங்கினால் பிடுங்கட்டும் என்றுதான் வந்திருந்தேன். தலைவர் மண்டபக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். திருவிழாச் சமையலைப் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்தது என்றார். எல்லாரும் போன பிறகு என் பக்கம் வந்து இரண்டு கட்டையும் என் மடியில் வைத்தார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அவ போனப்புறம் நானும் அவ தட்டக் கழுவி எதிர்ல வச்சுக்கிட்டுத்தாம்மா சாப்பிட்டேன். அந்த ராணி கொளத்துல எறங்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஒரு புத்தகத்தை ஒழிக்க நினைக்கிறவர் அதை மறந்தும் வரிசையாகப் படித்துவிடக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.