சாவக்கா சாகாத படம்

படப்பிடிப்புத் தளத்தில் அவளை எல்லோரும் சாவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில், கதாநாயகியின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்த தோழியாக நடித்து மலையிலிருந்து விழுந்தாள். அதோடு ராசி ஒட்டிக்கொண்டது. பெண்ணை நேசிக்கும் பெண் வேடமா, கூப்பிடு அவளை. கலர் வந்ததும் விஷம் குடித்தாள். பிறகு லாரியில் அடிபட்டாள். ஒரு படத்தில் தணிக்கைக்காரர்கள் காதலை முழுக்க வெட்டிவிட, அவள் பிணம் மட்டும் மிஞ்சியது. எதற்குச் செத்தாள் என்று தெரியாமலே ஜனங்கள் அழுதார்கள். இன்னொன்றில் டாக்டர் அவளைக் குணப்படுத்தி மீசைக்காரர் ஒருவருக்குக் கட்டிவைத்தார்.

"செத்தே போயிருக்கலாம்," என்றாள் வீட்டுக்கு வந்து.

வீட்டில் இருந்தவள் உடையலங்காரத் தையல்காரி. அவளுடைய ரத்தக்கறைத் துணிகளையெல்லாம் துவைத்தவள், ஒரே கட்டிலில் தூங்குகிறவள்.

வயதான பின் ஓர் இளம் பெண் இயக்குநர் கூப்பிட்டாள்.

"எந்த சீன்ல சாகணும்மா?"

"சாகவே வேணாம்க்கா. பால் தீஞ்சு போகுது. நீங்களும் உங்க துணையும் சண்டை போடறீங்க. அவ்வளவுதான்."

கேமரா ஓடியது. பால் பொங்கியது. சாவக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்தாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சாய்ந்தாள். துணையாக நடிக்க வந்தவள் பயந்து ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

உடை அறையிலிருந்து தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். "எந்திரி. இப்பதான் தச்ச துணி, ஈரத்துல கெடக்கு. வீட்ல பாலைத் தீச்சுட்டு என் மேல பழி போடுவியே, அந்த வாய் எங்க போச்சு?"

சாவக்கா எழுந்தாள். "நானா தீச்சேன்? அடுப்புல வச்சுட்டு போன்ல கதை பேசினது யாரு?"

"நீ பாத்துக்கறேன்னு சொன்னே."

"எப்ப சொன்னேன்?"

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. படத்தில் தையல்காரி அளவு நாடாவோடே இருக்கிறாள்.

படம் வெளியானதும் கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா மாடியேறி வந்தாள். "நெஜ ஜோடி மாதிரியே இருந்துச்சு. எவ்வளவு நாள் ஒத்திகை பாத்தீங்க?"

"முப்பது வருஷத்துக்கு மேல," என்றாள் தையல்காரி.

"அடேங்கப்பா, இந்தத் தொழில்ல எவ்வளவு உழைப்பு," என்று வியந்துகொண்டே அந்த அம்மா இறங்கிப் போனாள்.