டெபானோவின் கிழங்கில் பாதி

காபூரேவுக்குத் தன் மச்சான் டெபானோ மீது இருந்த எரிச்சலுக்கு வயது முப்பது. தங்கையை அவனுக்குக் கட்டிக் கொடுத்த விருந்திலேயே அது தொடங்கிவிட்டது. டெபானோ வீட்டார் மனேயபா என்ற ஊர்க் கூடத்தின் நடுவில் இறக்கிய பாபாய் என்ற ராட்சதச் சேப்பங்கிழங்கை இரண்டு ஆட்கள் கம்பில் கட்டிச் சுமந்து வந்தார்கள். காபூரே தன்னுடையதைத் தானே தோளில் தூக்கி வந்தான். ஊரே அந்த வித்தியாசத்தைப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. எதையாவது சொல்லிச் சிரித்திருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

நோனூட்டி என்ற அந்தப் பசிபிக் தீவில், ஊற்றுநீர் வரும்வரை தோண்டிக் கிழங்கு நடுகிற ஒருவனின் குழிக்குள் இன்னொருவன் எட்டிப் பார்ப்பது, வீடு புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். செடிக்கு உரமாக எந்த இலையைப் போடுவது, எப்போது போடுவது என்பதெல்லாம் அப்பன் மகன் காதில் சொல்லிவிட்டுப் போகிற சமாச்சாரம். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. காபூரேவும் அப்பா சொன்னதை அப்படித்தான் காப்பாற்றி வந்தான். ஆனாலும் ஒவ்வொரு விருந்திலும் டெபானோவின் கிழங்குதான் பெரிது. 'அப்படி என்னத்தைப் போடுகிறான்?' என்ற கேள்வியோடுதான் அவன் வீடு திரும்புவான்.

போன வருஷம் கடல் கரையைத் தாண்டி வந்து குழிகளை நிரப்பியது. இறங்கிப் போன பிறகும் ஊற்றுநீரில் உப்பு நின்றுவிட்டது. காபூரேவின் அறுபது செடிகளில் இரண்டு கன்றுகள்தான் மிஞ்சின. ஒன்று திடமானது, ஒன்று நோஞ்சான். அப்பாவுக்கு அவர் அப்பா கொடுத்த இனம். இவையும் போனால் பூமியில் வேறெங்கும் கிடையாது.

அப்போதுதான் தலைநகரிலிருந்து ரோட்டியா என்ற விவசாய அதிகாரி வந்தாள். மனேயபா கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, பக்கத்தில் இடுப்புயரத்துக்குச் சிமெண்டுப் பாத்தி கட்டினார்கள். உப்பு ஏறாத மண்ணில் வீட்டுக்கொரு கன்று நட வேண்டும்.

"யார் யார் என்ன இலை போடுறீங்கன்னு சொன்னா எழுதிக்குவேன்" என்றாள் ரோட்டியா, மனேயபாவில் கூடியவர்களிடம்.

கூடம் கொஞ்ச நேரம் இருமியது.

"தென்னோலை" என்றான் காபூரே.

"எங்க வீட்டுலயும் அதான்" என்றான் டெபானோ, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தென்னோலை என்றார்கள். அந்தப் பெண் பாவம், அத்தனை பொய்யையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள்.

காபூரே பாத்தியில் நோஞ்சானை நட்டான். திடமான கன்றைத் தன் உப்புக் குழியிலேயே வைத்துக்கொண்டு, வாளி வாளியாக மழைநீர் ஊற்றினான்.

"ஏங்க, நல்லத அங்க வைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி அக்கோய். "குழியில அழுகிப் போயிரும்."

"அங்க வச்சா இலை போடணும். போட்டா டெபானோ பாப்பான்."

"பாத்தா என்ன, கண்ணா போயிரும்?"

அவன் வாளியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனான்.

ஊர் பார்க்கத் தன் இலையைப் போட யாரும் துணியாததால் மூன்று மாதத்தில் பாத்தி முழுக்க மஞ்சளடித்தது. டெபானோவின் செடி மட்டும் கருகருவென்று குடை விரித்து நின்றது. அவன் என்ன போடுகிறான் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான் காபூரே. ஊர் அசந்து தூங்கும் ஒரு மதியத்தில் பாத்தியை ஒட்டிய தாழம்புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். தனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து போக முடியவில்லை.

டெபானோ மூடிய கூடையோடு வந்தான். முதுகால் மறைத்துக்கொண்டு தன் செடிக்கு எதையோ போட்டான். அப்புறம், பக்கத்திலிருந்த நோஞ்சானுக்கும் ஒரு பிடி போட்டான்.

காபூரே பாய்ந்து வந்தான். "எங்கப்பா கன்னுக்கு உன் இலையப் போடுறியா?"

"கத்தாத மச்சான், ஊரு முழிச்சிரும்." டெபானோ கூடையை அணைத்துக்கொண்டான். "போடலன்னா இது என்னைக்கோ செத்திருக்கும்."

"சாகட்டும்! உன்னைக் கேட்டேனா?"

"நீயும் போட மாட்டேங்குற. நானும் போடக் கூடாதா?"

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

டெபானோ தரையைப் பார்த்தான். "உன் கிழங்கு பக்கத்துல இல்லன்னா, என்னுது பெருசுன்னு எவனுக்குத் தெரியும்?"

காபூரே சட்டெனத் திரும்பி நடந்தான். நேராகத் தன் குழிக்குப் போனான். திடமான கன்றைத் தொட்டதும் அது அடியோடு கையில் வந்தது. வேர் கூழாகியிருந்தது. ஒளித்து வைத்துத் தானே கொன்றுவிட்டோம் என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான். அப்பாவின் இனத்தில் மிச்சம் இப்போது ஒன்றுதான். அதுவும் டெபானோ போட்ட இலையைத் தின்று பிழைத்தது. அந்த நினைப்பு அழுகையைவிடக் கசந்தது.

மறுநாள் காலை ஊர் கூடியிருக்கும்போதே பாத்திக்கு வந்தான். கூடையில் மூடி இல்லை. அப்பா காதில் சொல்லிவிட்டுப் போன பன்னீர் மர இலையும் சீமைப்பலாச் சருகும் வெளியே தெரிந்தன. எல்லார் கண்முன்னாலும் பொடிப்பொடியாக நறுக்கினான்.

"தென்னோலைன்னு சொன்னீங்களே?" என்றாள் ரோட்டியா.

"பொய் சொன்னேன்மா. இதை எழுதிக்க."

அவள் நோட்டைப் பிரித்தாள். டெபானோவின் கண் கூடையை விட்டு நகரவில்லை.

காபூரே நோஞ்சானைச் சுற்றித் தாழையோலையை வளைத்துக் கட்டி இலையை நிரப்பினான். கையில் இரண்டு பிடி மிஞ்சியது. அதைக் கொண்டுபோய் டெபானோவின் செடிக்குப் போட்டு, மண் தள்ளி நன்றாக அழுத்தினான்.

"என் செடிக்கு எதுக்கு?" என்று பதறினான் டெபானோ.

"வளரட்டும் மச்சான்." முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தான் காபூரே. "நாலு பேர் சேந்து தூக்குற அளவுக்கு வளரட்டும். அன்னைக்குக் கூடத்துல எந்திரிச்சு நின்னு சொல்லுவேன், இதுல பாதி என்னுதுன்னு."