மாசிலாமணிக்கு இரண்டாவது பாடை

அம்சவள்ளிக்கு மறதி என்பதே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவள் கணவர் மாசிலாமணி இறந்தார். பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் காலனிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது. வயல்வரப்பைச் சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். வரப்பு முழுகிக் கிடந்ததால் அன்று பாடையைத் தெருப்பக்கம் திருப்பினார்கள். நிலக்காரன் சக்கரபாணி குறுக்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். வேறு வழியில்லாமல் வரப்பில் இறங்கியபோது ஒருத்தர் கால் வழுக்கியது, பிணம் சேற்றில் குப்புற விழுந்தது. ஓடிப்போய்க் கணவர் வாயிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தபோதே அம்சவள்ளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் கூலிக்காரி அன்றிலிருந்து காலனிக்குத் தலைவியானாள். மனுவைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். தெரு எல்லோருக்கும் பொது என்று உத்தரவு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஊர் அசையவில்லை. கடைசியில் காலனி ஆண்களைக் கூட்டினாள்.

“இனிமே ஊர்ச்சாவுக்கு எவனும் பறையடிக்கக் கூடாது, சிதை அடுக்கக் கூடாது. போனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

அவள் வாய்க்குப் பயந்து ஒருவரும் போகவில்லை.

போன மாதம் சக்கரபாணி செத்தான். சேதி கேட்டு அம்சவள்ளி கேப்பைக்கூழ் இரண்டு சொம்பு குடித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

பிணம் எரிவதைத் தூர நின்றே பார்த்துப் பழகியவர்கள் அந்த வீட்டார். மகன் ஜெகதீசனும் பங்காளிகளும் தாங்களே விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசினார்கள். காற்றுக்கு ஓட்டை விடவேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. நெருப்பு மூச்சடைத்து அணைந்துபோனது. மறுநாள் பால் தெளிக்கப் போய்ப் பார்த்தால் கிழவன் பாதி எரிந்து கிடந்தான்.

ஜெகதீசன் காலனிக்கு அம்சவள்ளியிடம் ஓடிவந்தான். அதுவரை “இன்னாடி” என்று கூப்பிட்டவன் வாயில் மரியாதை முளைத்துவிட்டது.

“அம்மா, சிதை அடுக்கற பெரியசாமிய ஜல்தியா அனுப்புங்கம்மா. நாயிங்க சுத்திக்கினு இருக்குது.”

“அனுப்பறேன் தம்பி. மொதல்ல என் வூட்டுக்காரரு உங்க தெரு வழியா போவணும்.”

“அவரு போயி ஏழு வருஷம் ஆவுதுங்களே!”

“ஆனா இன்னா? அவரு இன்னும் ஒழுங்கா போய்ச் சேரல. பாடை கட்டறோம். நீ முன்னால நட.”

பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். அதன்மேல் மாசிலாமணியின் போட்டோவும் ஒரு சட்டையும் மட்டும் இருந்தன. பறை முழங்க, மொட்டைத் தலையோடு ஜெகதீசன் நெருப்புச்சட்டி ஏந்தி ஊர்த்தெருவில் நடந்தான். சனங்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். சக்கரபாணி வீட்டு வாசலில் பாடையை இறக்கச் சொல்லி, அம்சவள்ளி மாரடித்து அழுதாள். அழுது தீர்த்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

பெரியசாமியைச் சுடுகாட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஜெகதீசன் பக்கம் திரும்பினாள்.

“இனிமே எங்க சாவு எல்லாம் இப்படித்தான் போவும். எவனாவது மறிச்சா, நாளைக்கு உன்னையும் உன் பங்காளிங்களே அடுக்கட்டும்.”