பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சந்தா

என் அப்பா எவாரிஸ்டோ, எங்கள் ஊரான என்கர்னாசியோனிலிருந்து எல்லைப் பாலம் கடந்து அடுத்த நாட்டிலுள்ள பொசாதாஸுக்குப் பேருந்து ஓட்டியவர். விடுமுறை நாளில் பேட்டை அணிக்கு கோல்கீப்பர். முழங்கால் போனபின் வீடியோ கேமில் கோல்கீப்பர். பழைய அணியில் மிஞ்சியவர்கள் இருவர். செஃபெரினோ புவனோஸ் ஐரிஸில் கொத்தனார். பாசிலியோ ஸ்பெயினில் சமையல்காரர். ஞாயிறுதோறும் மூவரும் இணையத்தில் சேர்ந்து ஆடுவார்கள்.

அதற்கு மாதச் சந்தா. அப்பாவுக்கு அதில் ஆறாத கோபம்.

"கேம் பெட்டி வாங்கினேன், கேம் வாங்கினேன், நெட்டுக்கும் கட்டுறேன். சேர்ந்து ஆட இன்னொரு காசா? பஸ்ல ஏறினவன்கிட்ட உட்காரத் தனிக் காசு கேட்டிருந்தா என்னை உதைச்சிருப்பான்!"

திட்டிக்கொண்டே கட்டினார். அதுவும் பொசாதாஸில் குடியிருப்பதாகப் பதிந்து, அந்தப் பக்கத்து மலிவு விலையில். வெங்காயமே அங்கிருந்து வரி கட்டாமல் வரும் ஊரில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

அவர் இறந்த மாதத்திலேயே சந்தாவும் முடிந்தது. செஃபெரினோ அழைத்தார்.

"புள்ள, ஒரே ஒரு ஆட்டம். அந்த மீசைக்காரனை கோல்ல நிக்க வச்சு வழியனுப்பிடறோம்."

அப்பா தன் சாயலில் மீசையோடு உருவாக்கிய கீப்பர், அவர் கணக்கில் மட்டுமே இருந்தான்.

நான் நெட்வொர்க் பொறியாளர். சந்தாவைப் புதுப்பிப்பது சின்ன வேலை என்று நினைத்தேன். என் வங்கி அட்டையை ஏற்கவில்லை: வேறு நாடு. எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய சந்தா அட்டையும் அப்படியே. மறுபடி மறுபடி முயன்றதில் கணக்கே பூட்டிக்கொண்டது. உதவி மையத்தை அழைத்தேன்.

"பதிஞ்ச முகவரியைச் சொல்லுங்க மேடம்."

குத்துமதிப்பாகப் பொசாதாஸ் பேருந்து நிலையத்தைச் சொன்னேன். தப்பு. அவர் எப்போதும் சாப்பிடும் கடையைச் சொன்னேன். தப்பு.

"அப்பா செத்துட்டாருங்க."

"வருந்துறோம் மேடம். அவரையே ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க."

போனை வைத்தேன்.

ஞாயிறன்று என் பெயரில் இலவசக் கணக்கு திறந்தேன். அதில் அந்த கேமை மற்றவர்களோடு ஆட முடியாது, பேசலாம். அப்பாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"ஆட்டம் இல்லை மாமா. பேச்சு மட்டும்தான் இலவசம்."

"திருட்டுப் பசங்க," என்றார் செஃபெரினோ. பிறகு ஆட்டம் நடப்பதுபோலவே கத்தினார்: "டேய் பாசிலியோ, பந்து உன்கிட்ட. அடி!"

"அடிச்சுட்டேன். வலது மூலை."

"கிழவன் பாய்ஞ்சு பிடிச்சுட்டான்டா!"

"புளுகாதே. அவன் வலப்பக்கம் என்னைக்குப் பாய்ஞ்சான்? முழங்கால் விடாது."

"இனிமே வலிக்காதுடா."

"சரி, பிடிச்சுட்டான்," என்றார் பாசிலியோ.

"புள்ள," என்றார் செஃபெரினோ, "பந்து உங்கப்பன் கையில இருக்கு. நீதான் உதைக்கணும்."

திரையில் சந்தா விளம்பரம் வந்தது. மூடினேன். மறுபடி வந்தது. டிவியை அணைத்தேன்.

"தூரமா உதைக்கிறேன் மாமா," என்றேன். "ஓடுங்க."